அப்பாவின் தோளில் இருந்தது யார்?

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் தூணோரம் நின்ற ஒரு வழுக்கைத் தலை மனிதரிடம், "ஐயா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், என் அண்ணனைத் தேடிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பிளாட்பாரத்தின் கோடிவரை போயும் அண்ணனைக் காணோம். திரும்பி வந்து அந்த மனிதரிடமே அடையாளம் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய மீசை, சுருட்டை முடி, கொஞ்சம் சிடுமூஞ்சி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "மீசையை எடுத்துட்டேன், கோமு. முடி தானாப் போயிட்டு" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடைசியாக அவர் ஊருக்கு வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன என்பது உண்மைதான். இருந்தாலும், சின்ன வயது ஞாபகங்களைப் படித்துக் காட்டும்படி என்னைக் கடல் தாண்டி அழைத்திருக்கிறார்கள். வந்த இடத்தில் கூடப் பிறந்தவர் முகமே ஞாபகமில்லை என்றால் யாரிடம் சொல்வது?

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. எனக்கு மூன்று வயதாகும்போது நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டார். டைபாய்டுக்குக் கொழும்பில் அப்படித்தான் பேர். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு, மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைவிட ஆறு வயது மூத்த சுந்தரம் அண்ணனை, மீசை அரும்புவதற்கு முன்பே, அப்பா வேலை பார்த்த அதே மண்டிக்கு அனுப்பிவைத்தார்கள். நான் படித்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஆனேன். கை சும்மா இருக்காமல், ஒரு மாதப் பத்திரிகையில் என் சின்ன வயதுக் கதையை எழுதத் தொடங்கினேன்.

அதில் முதல் அத்தியாயம் ஆடிவேல். செட்டியார் தெருவிலிருந்து முருகனுடைய வேலாயுதத்தை வெள்ளித் தேரில் வைத்து வெள்ளவத்தைப் பக்கம் கொண்டுபோகும் திருவிழா. நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவருடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காதுகள் வெயிலில் சுடுகின்றன. யாரோ பன்னீர் தெளிக்கிறார்கள். தேர்க்காளை ஒன்று மிரண்டு வளையல் கடைக்குள் புகுந்துவிட, அப்பா என் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி எனக்கென்று இருக்கும் ஞாபகம் அது ஒன்றுதான். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது.

அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் சென்னையில் ஒருவர் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட முன்வந்தார். முதல் பக்கங்களின் புரூஃப் என் பையில் இருந்தது. திருத்திக் கொழும்பிலிருந்தே தபாலில் சேர்க்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வாசகர் சங்கத்தாரும் அதே அத்தியாயத்துக்காகத்தான், ஆடிவேல் நாட்களில் வந்து படிக்கும்படி எழுதியிருந்தார்கள்.

அண்ணன் மண்டியின் மாடியில் மற்ற ஆண்களோடு தங்கியிருக்கிறார். அண்ணி பிள்ளைகளோடு ஊரில். ஆகவே நான் சங்கத்துக் காரியதரிசி வீட்டில், வெள்ளவத்தையில் தங்குவதாக ஏற்பாடு. அங்கே போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் ஜன்னலில் தென்னை, மறு பக்கம் ஜன்னலில் அலை. தண்ணீரே இல்லாத ஊர்களின் வழியாக ரயிலில் போய்ப் பழகிய எனக்கு, நனைந்துகொண்டே ரயிலில் போவது புதுசு. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டும் கடலைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முதல் அத்தியாயத்தைப் படிக்கப் போறியா?" என்றார் திடீரென்று.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அது நீ இல்ல, கோமு. தோள்ல இருந்தது நான். நீ அங்ஙன வரவே இல்ல."

பத்திரிகையில் வந்து ஒரு வருஷம் ஆகிறது. எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறார், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்தக் காதுகள் சுட்டது இன்னும் என் விரலில் இருக்கிறது, நீங்கள் யார் அதைப் பிடுங்க என்று ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டேன். எதிரே இருந்த சிங்களக் கிழவர் அண்ணனிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டேன்: "சொத்துத் தகராறா? கொடுத்துவிடு தம்பி, பெண்பிள்ளை" என்றாராம்.

சண்டையில் வெள்ளவத்தை ஸ்டேஷனை விட்டுவிட்டோம். தெஹிவளையில் இறங்கி பஸ் பிடிக்கப் போனால், இரண்டு பஸ்காரர்கள் எங்களுக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் என் பெட்டியைத் தூக்கி முன் பஸ்ஸில் போட்டான். இன்னொருவன் எங்களைப் பின் பஸ்ஸில் ஏற்றினான். இரண்டும் காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பந்தயம் விட்டன. அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிங்களத்தில் கத்திக்கொண்டே வந்தார். திருநெல்வேலியில் பஸ்ஸுக்காக நாம் காத்திருப்போம். இங்கே பஸ் நமக்காக உயிரை விடுகிறது. நல்லவேளை, எங்கள் பஸ்ஸே முந்தியது; வெள்ளவத்தையில் காத்திருந்து பெட்டியை இறக்கிக்கொண்டோம்.

காரியதரிசி சாது. வீட்டை நடத்துவது அவர் மனைவி பரமேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், வாய் ஓயாதவர். "வாங்கோ வாங்கோ, நல்லாக் களைச்சுப் போனியள்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதியைப் பார்த்ததும், வீட்டில் யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில்தான் சொதி. இவர்களுக்கு அது அன்றாடச் சாப்பாடு. தேங்காயைப் பிழிந்து பால் எடுப்பதில் இவர்களுக்கு இருக்கும் தாராளம் எங்கள் ஊர் மாமியார்களை மயக்கம் போட வைக்கும்.

சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். "நீங்கள் இந்தியாவோ?" என்றார் ஒருவர். நான் பதில் சொல்வதற்குள் பரமேஸ்வரி குறுக்கிட்டார்.

"என்ன கதைக்கிறியள்? இவ பிறந்தது கொட்டாஞ்சேனையில. தேப்பன்ட தோளில இருந்து வேல் பாத்தவ. எங்கட ஆள்தான்."

அந்தப் பெண்கள் உடனே நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைக் கொழும்புக்காரி என்பார்கள். இங்கே வந்தால் இந்தியாக்காரி. இரண்டு கரையிலும் நான் இன்னாள் என்று காட்ட என்னிடம் இருந்த ஒரே சீட்டு அந்தத் தோள். அதுவும் என்னுடையதில்லை என்றால் நான் யார் மகள், எந்த ஊர்க்காரி, எதை வைத்து எழுதுகிறேன்?

மறுநாள் காலை, உண்மையைக் கண்டுபிடித்து அண்ணன் மூக்கை அறுப்பது என்று தீர்மானித்துக் கொட்டாஞ்சேனைக்குக் கிளம்பினேன். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் போகும் டிராமில் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் தண்டவாளத்தின் மேலேயே ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. டிராம் ஓட்டி மணியை அடிஅடியென்று அடித்தார். வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் வண்டி, மாட்டுக்குப் பின்னால் மாட்டு வேகத்தில் போயிற்று. பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், "இறங்கி நடந்தா சுருக்காப் போவீங்க, மகள்" என்றார். நடந்தேன்.

எங்கள் பழைய வீடு இப்போது ஒரு தையல்கடை. அதற்கு அடுத்த வீட்டில் மத்தலேனா அக்கா இருக்கிறார் என்று அம்மா உயிரோடிருந்தபோது சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதவைத் தட்டினேன். நரைத்த கொண்டையும் கழுத்தில் சிலுவையுமாக ஓர் அம்மாள் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா பெயரைச் சொன்னேன்.

"ஆண்டவரே! கணக்குப்பிள்ளைட சின்னவளா? உள்ள வா பிள்ளை. அம்மாட மூக்கு அப்பிடியே இருக்கு."

உட்கார வைத்தார், அழுதார், சிரித்தார், தேங்காய்ப்பூப் போட்டுச் சுட்ட ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். "பயப்படாமத் தின்னு. மாசிக் கருவாடு போடேல்ல. உங்கட அம்மாக்கு அந்த வாசமே ஆகாது, மதிலுக்கு அங்கால நிண்டு மூக்கைப் பொத்துவா." இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் சைவத்தை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மெல்ல விஷயத்துக்கு வந்தேன். செட்டியார் தெருவில் தேர்க்காளை மிரண்டு வளையல் கடைக்குள் போன வருஷம் ஞாபகம் இருக்கிறதா?

"ஓம், மறப்பனா? காளை வெருண்ட வருசம் எண்டுதானே இஞ்ச எல்லாரும் சொல்லுறது. பிள்ளை, அண்டைக்கு உனக்கு அம்மாள் வருத்தம். உடம்பெல்லாம் கொப்புளம், வேப்பிலையில கிடந்தாய். வாசல்லயும் வேப்பிலை கட்டியிருந்தது. உங்கட வீட்டில ஒருத்தரும் தேர் பாக்கப் போகேல்ல. நான்தான் இளநி வெட்டி வாசல்ல வைச்சிட்டுப் போவன்."

ரொட்டி கையிலேயே நின்றது. வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து யாரும் கோயிலுக்கோ தேர் பார்க்கவோ போகமாட்டார்கள். அம்மன் வீட்டுக்குள் வந்திருக்கும்போது வேறு சாமியைத் தேடிப் போவது குற்றம் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியானால் நான் போகவில்லை. அண்ணனும் போகவில்லை. தெருவில் யாரோ சொன்ன கதையை இரண்டு பேரும் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணனும் தோற்றார் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த நாள் மண்டிக்கே போனேன். மூட்டைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே வழக்கை எடுத்துவைத்தேன். "வேப்பிலை கட்டின வீடு. நான் போகலை, சரி. நீங்க மட்டும் எப்படிப் போனீங்க? நீங்க சொல்றதும் புளுகுதானே?"

அவர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து, என்னைப் பின்பக்கம், ஆள் இல்லாத சரக்குக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார்.

"போனோம்," என்றார். "நானும் அப்பாவும். அம்மா கிணத்தடியில உன் துணியை அலசிட்டு இருந்தா. பின்வாசல் வழியாப் போனோம். காலையில இருந்து நான் ஒரே அழுகை, தேரைப் பாக்கணும்னு. அது பொறுக்காமத்தான் அப்பா கூட்டிட்டுப் போனாக. அடுத்த மாசம் காய்ச்சல்ல படுத்தாக. எந்திரிக்கவே இல்ல."

"அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணாச்சி?"

"எனக்கு ஒம்பது வயசு. அம்மனை வீட்ல விட்டுட்டுத் தேர் பாக்கப் போனதுக்குத்தான் அப்பாவை எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். நான் அழாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாக. அம்மா சாகிற வரைக்கும் அவகிட்டச் சொல்லல. இப்பப் புத்திக்குத் தெரியுது, காய்ச்சல் வேற, இது வேறன்னு. மனசு கேக்க மாட்டேங்கு."

"அப்போ அந்தக் கதை உங்ககிட்ட இருந்துதான் எனக்கு வந்திருக்கு. அம்மாகிட்டச் சொல்லாததை எனக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ சாப்பிட மாட்டேன்னுட்டியே! மாமா வீட்டுக்கு வந்த புதுசுல, அப்பா வரட்டும்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்ப. அம்மா அழுவா. நான்தான் தட்டை வாங்கிக்கிட்டு வருவேன். அப்பாவைப் பத்திச் சொன்னா வாயைத் திறப்ப. என்கிட்ட இருந்ததுல நல்ல கதை அது ஒண்ணுதான். நான் போனேன்னு சொல்லப் பயம். உன்னைத் தோள்ல தூக்கி வச்சேன். நான் இறங்கிக்கிட்டேன்."

அப்போது எனக்கு வந்தது. யாரும் சொல்லித் தராத, எனக்கே எனக்கான ஞாபகம். மோர்சாதம் பிசைந்த ஒரு சின்னக் கை. உருண்டையை என் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு தராமல், "தேர் சந்திக்கு வந்துட்டு, ஆ காட்டு" என்னும் குரல். வாங்கிக்கொண்டதும், "காளை மிரளப் போவுது, இன்னொரு வாய்." அந்தப் பையனின் முகம்கூடத் தெரிந்தது. ஸ்டேஷனில் தெரியாமல் போன முகம்.

புரூஃபிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுக்காத. அப்பா இல்லாம உனக்குப் புத்தகம் எதுக்கு? நீ தோள்லயே இரு. என்னை மட்டும் சொல்லாத" என்றார். இனி அப்படிப் படிக்க எனக்கு வாய் வராது என்றேன். இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. வாடிக்கைக்காரர் யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பி, பரமேஸ்வரியிடம் ஒரு மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு முறை பலகாரத் தட்டோடு எட்டிப் பார்த்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலில் ஆள் வராமல் காவல் இருந்தார். முதல் அத்தியாயத்தை மோர்சாதத்திலிருந்து எழுதினேன். தேரை எனக்கு ஊட்டியது அண்ணன் என்று எழுதினேன். வேப்பிலையைத் தொடவில்லை. அது அவருடையது.

சங்கத்துக் கூட்டம் மறுநாள் சாயங்காலம். காலி வீதியில் ஒரே கூட்டம். கரும்புக்கட்டும் வளையலும் கடலையுமாகத் தெருவே கடையாகியிருந்தது. மண்டபத்தில் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் படத்துக்குக் கீழே என்னை உட்கார வைத்தார்கள். தவில் சத்தம் உள்ளே வரை கேட்டது. அண்ணன் நேரம் கழித்து வந்து, உட்கார இடம் இருந்தும், கதவோரமே நின்றார்.

படித்தேன். தோளில் இருந்தது நான் இல்லை என்று வந்த இடத்தில் சபையில் ஒரு சலசலப்பு. அடங்கட்டும் என்று நிறுத்திப் படித்தேன். தேர் சந்தியைத் தாண்டிப் போவதோடு என் கதை நின்றுவிடும். ஏனென்றால் சோறும் அங்கே தீர்ந்துவிடும். அதோடு தாள்களை மடித்தேன்.

முதல் வரிசையிலிருந்து பரமேஸ்வரி, சபை மரியாதையெல்லாம் பார்க்காமல், "பிறகு? ரெண்டு பேரும் எப்பிடி வீட்ட போனவை?" என்றார்.

"எனக்குத் தெரியாது. அண்ணன் அதற்கு மேல் சொன்னதில்லை. அவர் அதோ நிற்கிறார்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணன் ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். துண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டுக்கா... வழியில தெருக்குழாய்ல அப்பா என் தலையைக் கழுவிவிட்டாக. பன்னீர் வாசம் வந்தா அம்மா கண்டுபிடிச்சிருவாள்ல. வீட்ல தங்கச்சிக்கு அம்மை. நாங்க போயிருக்கக் கூடாது."

அதன் அர்த்தம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

"எனக்குப் பயம் வந்துட்டு. சாமி குத்தமாப் போயிருமாப்பான்னு கேட்டேன். அப்பா தன் துண்டால என் தலையைத் துவட்டிக்கிட்டே சிரிச்சாக. 'ஏலே, பிள்ளை தேர் பாக்கதுக்கு எந்தச் சாமி கோவிக்கும்? தங்கச்சிக்குக் குணமாகட்டும். அடுத்த வருஷம் அவளை இதே தோள்ல தூக்கிட்டு வருவோம், நீ நடந்து வா'ன்னு..."

நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் அவர் முகம் மாறியது.

"சொன்னாக, கோமு," என்றார் என்னைப் பார்த்து. "இப்படித்தான் சொன்னாக. இத்தனை நாள் எங்க போச்சு இது?"

நான் மேடையை விட்டு இறங்கி அவரிடம் போனேன். போவதற்குள் இரண்டு பேர் அவருக்கு நாற்காலி கொண்டுவந்துவிட்டார்கள். அவர் உட்காரவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், "இதையும் சேத்து எழுது. என் பேரைப் போட்டே எழுது" என்றார்.